கடற்காற்றில் எடுத்த எண்

மணி மூன்று ஏழு. ஸ்டெபியின் கணினித் திரை படக்கென்று இருண்டது.

"வந்துட்டியா ராசா, இன்னைக்கு வரலியேன்னு பாத்தேன்" என்று அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள். நீங்களோ நானோ என்றால் மேசையில் ஒரு குத்து விட்டிருப்போம். ஓர் எஞ்சினியருக்கு அனுப்ப வேண்டிய மாடி வீட்டுப் படம் முக்கால்வாசியில் நின்றுபோயிருக்கிறது. ஸ்டெபியோ பேனாவைத் தேடினாள். நோட்டில் எழுதினாள்: செவ்வாய், 3.07, சூடு 63. அதற்கு மேலே ஏற்கெனவே மூன்று வரிகள் இருந்தன. வெள்ளி 3.15. சனி 2.55. திங்கள் 3.20. ஞாயிற்றுக்கிழமை அவள் கணினியைத் தொடவில்லை.

கல் வைப்பதற்கு முன்பே வீட்டைக் கட்டி முடித்ததுபோல் படமாகக் காட்டுவது ஸ்டெபியின் தொழில். தூத்துக்குடியில் பாதி எஞ்சினியர்களுக்கு அவள்தான் செய்து கொடுக்கிறாள். சுவரில் வெயில் எப்படி விழும், கிரானைட் எப்படி மின்னும் என்பதையெல்லாம் கணக்குப் போடுவது கணினிக்குள் இருக்கும் கிராபிக்ஸ் கார்டு. அந்தக் கார்டுதான் ஐந்து நாளாக இந்தச் சேட்டை செய்கிறது.

சூடு ஏறினால் கார்டு நிற்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இது காலையில் 71 டிகிரியில் சமர்த்தாக ஓடிவிட்டு, மூன்று மணி வாக்கில் 63-க்கு இறங்கியதும் படுத்துக்கொள்கிறது. குளிர்ந்தால் நிற்கிற கார்டை யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஸ்டெபியும் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் அவளுக்குக் கோபத்தைவிட ஆவல் அதிகமாக இருந்தது.

கதையை ஒன்றரை மாதம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும். கம்பெனி ஒவ்வொரு கார்டையும் ஒரு வேகம் வைத்து அனுப்புகிறது. சின்ன மென்பொருள் ஒன்றில் ஒரு கோட்டை வலப்பக்கம் இழுத்தால் கார்டு அதற்கு மேலும் ஓடும். இதற்கு ஓவர்கிளாக் என்று பெயர். எவ்வளவு மேலே போகலாம் என்பது கார்டுக்குக் கார்டு மாறும். ஒரே நாளில் வாங்கிய இரண்டு கார்டுகள்கூட ஒன்றுபோல் ஓடாது. ஸ்டெபி யாரோ போட்ட வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே இழுப்பில் 180 மெகாஹெர்ட்ஸ் கூட்டினாள். ஐந்து நிமிடம் சோதனை ஓட்டினாள். நிற்கவில்லை. அவ்வளவுதான், ஆட்டம் போட்டாள்.

சூட்டுக்கு அவள் செய்த வைத்தியம் எங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டுமே தோன்றக்கூடியது. கணினிப் பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றிப் போட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக் கடல் பார்த்த ஜன்னலின் ஓரத்தில் வைத்தாள். மதியத்துக்கு மேல் கடக்காத்து வந்தால் எங்கள் தெருவில் எல்லா ஜன்னலும் திறந்துவிடும். அந்த நேரத்தில் ஒரு ஜன்னல் சாத்தியிருந்தால் அந்த வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். மனுசனுக்கு இதமாக இருக்கும் காற்று மிஷினுக்கு மட்டும் ஆகாதா என்ன? ஓசியில் வரும் காற்றை வீணாக்குவானேன்? சூடு 61-க்கு இறங்கியது.

அதைப் படம் பிடித்து, கணினியில் படமும் வீடியோவும் செய்கிறவர்களின் 'முத்துநகர் ரெண்டர் குரூப்' என்ற வாட்ஸப் குழுவில் போட்டாள். "பிளஸ் 180. சூடு வெறும் 61. அடிச்சு ஓட்டுங்க மக்கா!" குழுவில் 212 பேர். நெருப்புப் படமும் கைதட்டும் வந்து குவிந்தன. அன்று முதல் அவள் 'ஓவர்கிளாக் அக்கா'. ஜன்னலைப் பற்றி அவள் எழுதவில்லை. ஐந்து நிமிடச் சோதனை என்பதையும் எழுதவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது, உண்மையின் பாதியைத்தான் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து ஸ்ரீவைகுண்டத்திலிருந்து ஒரு போன் வந்தது.

"அக்கா, நான் வேல்விழி பேசுதேன். குரூப்புல இருக்கேன். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டுத வேல. உங்ககிட்ட இருக்கிற அதே கார்டுதான் எங்கிட்டயும். உங்க நம்பர அப்படியே போட்டேன். இப்ப மாப்ள மூஞ்சில பச்சைப் பச்சையா கட்டம் விழுதுக்கா. பெறவு அப்படியே நின்னுபோவுது."

"சூடு எவ்வளவு காட்டுது?"

"எம்பத்தேழு."

ஸ்டெபிக்குத் திக்கென்றது. 'நம்பர் தப்போ' என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. ஆனால் ஓவர்கிளாக் அக்கா என்ற பட்டம் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. "உங்க ஊர்ல கரண்ட் ஏத்த எறக்கமா வரும்லா? அதாத்தான் இருக்கும். ஒரு ஸ்டெபிலைசர் வாங்கி மாட்டிப் பாரு."

"அப்படியாக்கா? நான்தான் எதையோ தப்பாத் தொட்டுட்டேன்னு பயந்துட்டேன்."

"அப்படியும் இருக்கலாம்" என்றாள் ஸ்டெபி. சொல்லிவிட்டு போனை வைத்து, டீ போடப் போய்விட்டாள்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது. இப்போது அவளுடைய கார்டே நிற்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அவள் கணவன் இனிகோ வேலை முடிந்து வந்தான். துறைமுகத்தில் பெரிய கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்து வரும் டக் படகில் அவனுக்கு எஞ்சின் அறை வேலை. கணினியைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் எந்த மிஷின் நின்றாலும் அவனால் சும்மா இருக்க முடியாது.

"ஏளா, கிரீஸ் வச்சுப் பாத்தியா?"

"எதுல?"

"இதுலதான். கடப்பக்கம் இரும்புன்னா கிரீஸ் வைக்கணும்."

"ஆமா, அப்படியே ரெண்டு நங்கூரத்தையும் கட்டிவிடுங்க" என்றாள் ஸ்டெபி. மின் வயரைப் பிடுங்கிவிட்டு, கார்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்.

அவள் அதை உள்ளே மாட்டி எட்டு மாதம் ஆகிறது. அதற்குப் பிறகு இன்றுதான் முகத்தைப் பார்க்கிறாள். திருகாணிகளின் தலையில் வெள்ளையாகப் படிந்திருந்தது. மின்சாரம் நுழையும் இடத்தைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. "என்னதுங்க இது?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள் இனிகோ விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டான்.

"உப்பு."

"அட மாதாவே! விஷம் கிஷம் இருக்கப்போவுது, துப்புங்க மொதல்ல!"

அவன் துப்பப் போனான். ஸ்டெபி அசையாமல் நின்றாள். அடுக்களையில் உப்பு டப்பாவை மூட மறந்தால் என்ன ஆகும்? காலையில் பொலபொலவென்று இருக்கும். மூன்று மணிக்கு மேல் கடக்காத்து வந்ததும் கசகசத்துவிடும். இந்த உப்பும் அதைத்தானே செய்யும்? காலையில் காய்ந்து கிடக்கிறது, ஒன்றும் செய்வதில்லை. மதியத்துக்கு மேல் ஈரக்காற்றைக் குடிக்கிறது. கார்டில் சூடே ஏறாத ஓரங்களில் அந்த ஈரம் அப்படியே நின்று, மின்சாரம் போகக்கூடாத வழியில் கசிகிறது. அதனால்தான் ஒன்றரை மாதத்தில் முதல் ஐந்து வாரம் ஒன்றும் ஆகவில்லை. உப்பு சேர நாள் வேண்டுமே!

"கண்டுபிடிச்சுட்டேன்!" என்று அவள் கத்திய கத்தலில் இனிகோ வாய் கொப்பளித்த தண்ணீரோடு ஓடி வந்தான்.

மறுநாளே சர்க்யூட் துடைக்கும் ஆல்கஹால் வாங்கி, மெல்லிய பிரஷ்ஷால் ஒவ்வோர் ஓரமாகத் துடைத்தாள். நன்றாக உலரவிட்டாள். பெட்டிக்கு மூடி போட்டாள், காற்று நுழையும் இடத்தில் தூசி வலை ஒட்டினாள், பெட்டியை உள்சுவருக்கு நகர்த்தினாள். கடைசியாக ஜன்னலைச் சாத்தினாள். அப்போது மணி மூன்று.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எதிர்வீட்டு பிலோமியின் குரல் கேட்டது. "ஏளா ஸ்டெபி, யாருக்கு மேலுக்கு முடியல?"

"கம்ப்யூட்டருக்கு!"

"பாவம், கஞ்சி வச்சுக் குடு" என்றாள் பிலோமி.

ஸ்டெபி சிரித்துக்கொண்டே கார்டை ஓடவிட்டாள். சரியாக நாலாவது நிமிடத்தில் திரை முழுக்கக் கோடு விழுந்து இருண்டது. சூடு 82.

சிரிப்பு நின்றுவிட்டது. உப்பைத்தான் துடைத்தாயிற்றே! 150-க்கு இறக்கினாள். நின்றது. 120-க்கு இறக்கினாள். இருபதாவது நிமிடத்தில் நின்றது.

அதற்குள் வேலை முடிந்து வந்திருந்த இனிகோ அவளுடைய நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தான். "மணி எழுதியிருக்க, மிஷின் சூடு எழுதியிருக்க. ரூம் சூடு எங்க?"

"அது எதுக்கு?"

"எதுக்கா? எங்க லாக் புக்குல கடத்தண்ணி சூடு, எஞ்சின் ரூம் சூடு ரெண்டையும் எழுதாம எஞ்சின் சூட்ட மட்டும் எழுதுனா சீஃப் கிழிச்சு எறிஞ்சிருவாரு. தண்ணி குளுந்து கெடந்தா எந்த எஞ்சினும் நல்ல எஞ்சின்தான். தை மாசத்து நம்பர வச்சுக்கிட்டு சித்திரையில ஓட்ட முடியுமா?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். ஸ்டெபிக்கு முகம் வெளிறியது. அந்த 61 டிகிரி கார்டின் சாமர்த்தியமும் இல்லை, அவளுடைய சாமர்த்தியமும் இல்லை. மன்னார் வளைகுடாவின் சாமர்த்தியம். ஸ்ரீவைகுண்டத்தில் ஆறு இருக்கிறது, வயல் இருக்கிறது, கடல் எங்கே இருக்கிறது?

ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். பழைய செய்தியை எல்லோருக்கும் அழித்துவிடலாம் என்று தேடினாள். இத்தனை நாள் ஆன செய்தியை இனி அழிக்க முடியாது. 'நண்பர்களே, ஒரு சின்னத் திருத்தம்' என்று தட்டினாள். சின்னத் திருத்தமா? அவளுக்கே வெட்கமாக இருந்தது, அதை அழித்தாள். பட்டம் போய்விடுமே என்ற நினைப்பும் வந்தது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், நல்லவர்களுக்கும் அப்படித்தான் தோன்றும்.

வியாழக்கிழமை காலை வேல்விழியின் குரல் பதிவு வந்தது.

"அக்கா, ஸ்டெபிலைசர் மாட்டியும் நிக்குதுக்கா. எங்க வீட்டுக்காரரு, உனக்கு இது சரிப்படாது, பொட்டியக் கெடுத்துட்டியேன்னு சொல்லுதாவ. ஞாயித்துக்கெழம ஒருத்தர் வந்து அத வெலைக்கு எடுத்துட்டுப் போறாராம். வைகாசி முகூர்த்த வேலையெல்லாம் வேற ஸ்டுடியோவுக்குக் குடுத்துரணுமாம். நான் தப்பாத் தொட்டது எதுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. தெரிஞ்சா மனசு ஆறும்."

ஸ்டெபி அதை மூன்று முறை கேட்டாள். மூன்றாவது முறை அழுதுவிட்டாள்.

"போன் போட்டு உண்மையச் சொல்லிரு, முடிஞ்சிச்சு" என்றான் இனிகோ.

"போன்ல சொன்னா அவ மட்டும்தான கேப்பா? அவ வீட்டுக்காரரு கேக்கணும்லா?"

வெள்ளிக்கிழமை எஞ்சினியரின் படத்தைக் கம்பெனி வேகத்திலேயே ஓட்டி முடித்து அனுப்பினாள். சனிக்கிழமை காலை ஸ்ரீவைகுண்டத்துக்குப் பஸ் ஏறினாள். பையில் நோட்டும், இனிகோ கொடுத்த சின்ன வெப்பமானியும் இருந்தன.

வேல்விழியின் கணவர் செந்தூர்பாண்டி வயலிலிருந்து அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையாகத்தான் வரவேற்றார். "வாங்க வாங்க. நீங்கதான் அந்தக் கம்ப்யூட்டர் டீச்சரா?" அந்த வார்த்தை ஸ்டெபிக்குச் சுருக்கென்றது.

மாடியில் தகரக் கூரை போட்ட அறை. வேல்விழி ஒல்லியாக, தூக்கம் கெட்ட கண்களோடு நின்றாள். ஸ்டெபி வெப்பமானியை மேசையில் வைத்தாள். 39 காட்டியது. உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை.

"மிஷின் கெடல அண்ணாச்சி. வேல்விழி எதையும் தப்பாத் தொடல. தப்பு என் நம்பர்ல."

"உங்க மிஷின்ல ஓடுச்சின்னு சொன்னாளே?"

"ஓடுச்சு. ஜன்னல் வழியா கடக்காத்து அடிச்சதால ஓடுச்சு. அதுவும் அஞ்சு நிமிசம்தான் பாத்தேன். ரெண்டையுமே நான் சொல்லல. இப்ப ஜன்னலச் சாத்துனா என் மிஷின்லயே அந்த நம்பர் ஓடல. இவ கேட்டப்ப எனக்குச் சந்தேகம் வந்துச்சு. ஆனாலும் கரண்டக் குத்தம் சொன்னேன். பெறவு இவளையே குத்தம் சொன்னேன்."

செந்தூர்பாண்டி துண்டால் முகத்தைத் துடைத்தார். "அந்த ஸ்டெபிலைசர் சரியில்லன்னு நான் கடைக்காரன்கிட்ட சண்ட போட்டுட்டு வந்தேனே!" என்றார் பரிதாபமாக. அப்புறம் மனைவியைப் பார்த்தார், பார்க்க முடியாமல் கீழே பார்த்தார்.

வேல்விழி தன் வலக்கையை விரித்துப் பார்த்தாள்.

"பதினெட்டு நாள்க்கா. பதினெட்டு நாளா இந்தக் கையத்தான் சந்தேகப்பட்டேன். சுவிட்சத் தொடவே பயந்தேன். அவுக திட்டுனது பெருசாத் தெரியல, அவுக சொல்லுதது நெசமோன்னு நானே நெனச்சேம்லா, அதுதான்…"

"மன்னிச்சிரும்மா."

"மன்னிப்பு இருக்கட்டும். மொதல்ல பொட்டி ஓடுதான்னு பாப்போம்."

வேகத்தைப் பழையபடி கம்பெனி வைத்த அளவுக்கே கொண்டுவந்தார்கள். பெட்டி சுவரோடு ஒட்டி மூச்சு முட்டிக் கிடந்தது. ஒரு முழம் முன்னால் இழுத்தார்கள். விசிறியின் வேகத்தைக் கூட்டினார்கள். நின்றுபோயிருந்த கல்யாண வீடியோ நாற்பது நிமிடம் ஓடியது. மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டி முடித்து, பந்தியும் முடிந்தது. மாப்பிள்ளை முகத்தில் ஒரு கட்டம்கூட விழவில்லை.

செந்தூர்பாண்டி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். "ஏய், நாளைக்கு வராதிய. பொட்டி விக்கிறதுக்கில்ல" என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது. "வைகாசி முடிஞ்சா? வைகாசி முடிஞ்சாலும் இல்ல."

வேல்விழி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்த கையோடு கேட்டாள்: "அப்ப இந்தக் கார்டு இந்த ரூம்ல உண்மையிலேயே எவ்வளவுதான் தாங்கும்?"

அந்தக் கேள்வியில் ஸ்டெபிக்கு உயிர் வந்தது. "பாத்துருவமா?"

இந்த முறை ஒழுங்காகப் பார்த்தார்கள். வேல்விழி ஸ்டெபியின் நோட்டில் கட்டம் போட்டாள்: மணி, ரூம் சூடு, கூட்டின வேகம், கார்டு சூடு, எத்தனை நிமிடம், என்ன ஆச்சு. கூரை கொதிக்கிற உச்சி வெயில் நேரத்தில்தான் ஆரம்பித்தார்கள். அதில் தாங்கினால்தான் அது தாங்கின மாதிரி. வேகத்தைத் தவிர வேறு எதையும் தொடவில்லை. மின்னழுத்தத்தை ஏற்றுகிற கோட்டின் பக்கமே போகவில்லை. கார்டிலுள்ள மெமரியின் வேகத்தையும் விட்டுவிட்டார்கள், இரண்டை ஒன்றாக ஏற்றினால் எது கெடுத்தது என்று தெரியாது. 15 கூட்டி அரை மணி நேரம். சரி. 30 கூட்டி அரை மணி நேரம். சரி. 45-இல் இருபத்திரண்டாவது நிமிடம் மணப்பெண்ணின் அட்டிகையில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி வந்து போனது.

"நிறுத்துங்கக்கா! பாத்தேன்!" என்று வேல்விழி கத்தினாள். திருடனைப் பிடித்த சந்தோஷம் அவளுக்கு. உடனே 30-க்கு இறக்கினார்கள். "கணினி திறந்ததும் தானா இந்த வேகத்துக்குப் போகணுமா" என்று மென்பொருள் கேட்டதற்கு வேண்டாம் என்றார்கள். ஏதாவது ஆனால் அணைத்துப் போட்டதும் பழைய வேகத்துக்கே திரும்பிவிடும்.

"இந்த முப்பதால எவ்வளவு நேரம் மிச்சம்க்கா?"

"ஒரு மணி நேர வேலையில ஒரு நிமிசம்கூட இருக்காது."

வேல்விழி முதல் முறையாகச் சிரித்தாள். "ஒரு நிமிசத்துக்கா இத்தன கூத்து! போங்கக்கா, கம்பெனி வச்ச வேகமே போதும். ஆனா இந்த நோட்டு எங்கிட்டயே இருக்கட்டும்."

செந்தூர்பாண்டி இளநீர் வெட்டிக்கொண்டு வந்தார். முதல் இளநீரை மனைவியின் கையில் கொடுத்தார். "தெரியாமப் பேசிட்டேன்" என்றார். விருந்தாளிக்கு இரண்டாவதாகத்தான் கிடைத்தது. ஸ்டெபிக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

இளநீரைக் குடித்ததும் அவள் போனை எடுத்தாள். இப்போது 'சின்ன' என்ற வார்த்தை இல்லாமல் எழுதினாள். 'நான் போட்ட பிளஸ் 180 தவறு. கடக்காத்து அடிக்கும் ஜன்னலில், மூடி இல்லாத பெட்டியில், ஐந்தே நிமிடம் பார்த்த எண் அது. அந்தக் காற்றில் வந்த உப்பு என் கார்டையும் அரித்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினால் என் கார்டே அந்த எண்ணில் ஓடவில்லை. போட்டவர்கள் உடனே பழைய வேகத்துக்கு மாற்றுங்கள். உங்கள் கார்டு நின்றிருந்தால் அது உங்கள் தவறு இல்லை. ஸ்டெபி.' அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அது டிங் என்றது. வேல்விழிதான் எடுத்துப் பார்த்தாள். கைதட்டும் இல்லை, நெருப்பும் இல்லை. எட்டயபுரத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: 'நானும் போட்டிருந்தேன் மேடம். வீட்டு வயரிங்தான் சரியில்லன்னு நினைச்சு யாருகிட்டயும் சொல்லல.' கொஞ்ச நேரத்தில் இன்னொரு டிங். 'என்னோடதும் நிக்குது. எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு விட்டுட்டேன்.' அப்புறம் ஒன்று. அப்புறம் இன்னொன்று.

வேல்விழி போனை ஸ்டெபியின் கையில் வைத்தாள். அவள் குரலில் கோபம் தீர்ந்திருந்தது.

"பாத்தீங்களாக்கா? ஓடுன நம்பர மட்டும் ஊருக்குச் சொன்னா, ஓடாதவன் எல்லாம் தன்னையே குத்தம் சொல்லிக்கிட்டு மூலையில கெடப்பான். எங்கன ஓடுச்சு, எவ்வளவு நேரம் ஓடுச்சு, எப்ப நின்னுச்சு, அம்புட்டையும் சேத்துச் சொல்லணும். இல்லன்னா சொல்லவே கூடாது."

ஸ்டெபி அதை அப்படியே, ஓர் எழுத்துகூட மாற்றாமல் குழுவில் தட்டினாள். அடியில் பெயர் போட்டாள்: வேல்விழி, ஸ்ரீவைகுண்டம்.